போர்ட் பிளேர்ல இருந்து சென்னைக்கு 30 அடி பாய்மரப் படகுல வந்தோம், நான் சேலத்துக்காரன் (கேக்கணும்னா கேளுங்க)

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

வணக்கம் மக்களே. போன தடவ மீட்டிங்ல ரெண்டு மூணு பேர் எழுதுங்க எழுதுங்கன்னு சொன்னதால ஆரம்பிக்கிறேன். பினாங்குல பதினோரு வருஷம் வேல பாத்தேன், அங்க இருக்கும்போது லங்காவி தீவுல ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினேன், 30 அடி, ஒத்தப் பாய்மரம், ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், எனக்கும் படகுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. வேலைய விட்டு ஊருக்கு திரும்புறதுன்னு முடிவான உடனே வீட்டு சாமானெல்லாம் கன்டெய்னர்ல ஏறிப்போச்சு, மிச்சம் இருந்தது நானும் படகும். வித்துட்டு ஃப்ளைட் ஏறி வந்திருக்கலாம். நாலு மணி நேரம்தான். மனசு வரல.

இந்த ஐடியா மண்டைல ஏறினதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு நாள் சும்மா மேப்ப பாத்துட்டு இருக்கும்போது நம்ம சேலம் 11 டிகிரி 40 நிமிஷம் வடக்கு, போர்ட் பிளேரும் 11 டிகிரி 40 நிமிஷம் வடக்குன்னு கண்ணுல பட்டுச்சு. ரெண்டும் ஒரே கோடு! நடுவுல வங்காள விரிகுடா, அப்புறம் கடலூர், விருத்தாசலம், ஆத்தூர், நம்ம ஊரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தூக்கம் போச்சு. (போர்ட் பிளேருக்கு 2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேரு மாத்திட்டாங்க, பழக்கத்துல பழைய பேரே வருது, மன்னிச்சுக்கங்க.)

கேள்வி கேட்டா பதில் சொல்றேன், வரிசையா எழுத வராது எனக்கு.

அம்மாபேட்டை_தறி:

அண்ணா மொத கேள்வி, வீட்ல அம்மாகிட்ட என்ன சொன்னீங்க 😄 ரெண்டாவது கேள்வி, 30 அடின்னா எங்க தறிக்கூடத்த விட சின்னது, அதுல போய் நடுக்கடல்ல அலை அடிச்சா கவுந்துடாதா? நான் கடலையே மெரினால தூரமா நின்னு பாத்தவன்.

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

அம்மாகிட்ட "கப்பல்ல வரேம்மா"ன்னு சொன்னேன். பொய் இல்லயே.

கவுறுற விஷயம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை பாத்திருப்பீங்கல்ல, அடில களிமண்ணு கனமா இருக்கும், எப்படி தள்ளினாலும் எந்திரிச்சு நிக்கும். இதுவும் அதேதான். படகுக்கு அடில கீல்னு ஒரு இரும்புத் துடுப்பு, என் படகோட மொத்த எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல அதுதான். காத்துல சாயும், நல்லா சாயும், மொத தடவ ஏறுறவன் சாமி கும்பிடுவான், ஆனா ஒரு அளவுக்கு மேல சாய விடாது. பெரிய அலை உடைஞ்சு பக்கவாட்டுல அடிச்சா கவுறவும் கவுறும், அப்படி அலை வர்ற சீசன்ல போகாம இருக்கறதுதான் பாதி வித்தை.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வங்காள விரிகுடா புயல் காலம், திரும்ப ஏப்ரல் மே. நடுவுல ஜனவரி கடைசி, பிப்ரவரி, மார்ச் ஆரம்பம் இந்த ஜன்னல்தான் நமக்கு. வடகிழக்கு காத்து அப்ப கொஞ்சம் தணிஞ்சு 10ல இருந்து 18 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வரைக்கும் வீசும், நாம போறது மேற்கே, அதனால காத்து வலது பக்கம் பின்னாடி இருந்து வரும். பாய்மரப் படகுக்கு அத விட சொகுசு கெடையாது. நாங்க போர்ட் பிளேர்ல கெளம்பினது பிப்ரவரி மொத வாரம்.

ஏற்காடு_ஒண்டிக்கடை:

டிசம்பர் வேண்டாம்னு சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்டுங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சு, கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சுட்டு இருந்தோம், அடுத்த நாள் ஏற்காட்ல கொட்டின மழைல மலை ரோட்ல மண் சரிஞ்சு வண்டி போகல, கீழ இருந்து பால் காய்கறி வர்றதே கஷ்டமாப் போச்சு. இங்க 1500 மீட்டர் ஒசரத்துல உக்காந்து எங்களுக்கே இப்படின்னா நீங்க அந்த நேரத்துல தண்ணி மேல இருந்திருந்தா…

கடலூர்_முதுநகர்:

தம்பி நல்லா எழுதுறீங்க. எங்க குடும்பம் தொழில் கடல்தான், ரெண்டு விஷயம் சொல்லணும். வடகிழக்குன்னு ரேடியோ பாஷைல எழுதாதீங்க, எங்க ஆளுங்க அதுக்கு வாடைக்கொண்டல்னு சொல்லுவாங்க, வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு. கச்சான்னா மேக்க இருந்து. படகு முன்ன இருக்கறது அணியம், பின்ன அமரம். நீங்க பாய இழுத்துப் புடிக்கிற கயித்துக்கு எங்க தாத்தா தாமான்னு சொல்லுவாரு.

ரெண்டாவது, ஒரே கோடு ஒரே கோடுன்னு சொல்லிட்டு எதுக்கு சென்னைக்குப் போனீங்க? அந்தக் கோட்ல நேரா வந்தா எங்க ஊருதான். கடலூர்ல எறங்கி பஸ் ஏறினா மத்தியானம் சேலத்துல சோறு.

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

அண்ணே வார்த்தைக்கெல்லாம் ரொம்ப நன்றி, இனிமே வாடைக்கொண்டல்தான் 🙏

கடலூர்ல எறங்க எனக்கும் ஆசைதான். ஆனா படகு மலேசியா ரிஜிஸ்ட்ரேஷன், கஸ்டம்ஸ் பேப்பர் வேலையெல்லாம் ஒழுங்கா முடிக்கிற இடமா போகணும், கஸ்டம்ஸ் சோதனைக்கு வாங்கன்னு காட்டுற மஞ்சக் கொடி ஏத்திட்டு கண்ட எடத்துல போய் நிக்க முடியாது, அதுவும் இப்ப இருக்கற கடற்கரைப் பாதுகாப்புல. சென்னை ஹார்பர் உள்ள 1911ல ஆரம்பிச்ச யாட் க்ளப் ஒண்ணு இருக்கு, பாய்மரப் படகப் பாத்தா இது என்னன்னு கேக்காத ஆளுங்க இருக்கற எடம். பேப்பர் கதைய தனியா எழுதுறேன், அது கடல விட பெரிய அலை, ஒரு ஏஜென்ட் எங்கள ஒன்றரை மாசம் சுத்த விட்டான், இப்ப வேணாம்.

ஒரே கோடுன்னு சொன்னதுலயும் ஒரு கள்ளத்தனம் இருக்கு. போர்ட் பிளேர் தீவோட கிழக்குப் பக்கம் இருக்கு, நாம போக வேண்டியது மேற்கே. அதனால மொதல்ல தெக்க எறங்கி, ரட்லாண்ட் தீவுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் நடுவுல டங்கன் பாஸேஜ்னு ஒரு சந்து, அதுல புகுந்துதான் மேற்கே வரணும். வெளிய வந்தா வலது கைப்பக்கம் நார்த் சென்டினல் தீவு. அதுக்கு 5 கடல் மைல் கிட்ட யாரும் போகக்கூடாது, சட்டம். நாங்க அதுக்கும் மேல தள்ளியே வந்தோம். சாயங்கால வெளிச்சத்துல தூரத்துல ஒரு பச்சக் கோடு தெரிஞ்சுது, அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஏழு நாள் கரையே இல்ல. மொத்தம் ஒரு 770 கடல் மைல், கிலோமீட்டர்ல 1400க்கு மேல. எங்க படகு ஒரு நாளைக்கு 110, 115 மைல் போகும். சைக்கிள்ல போற வேகம்தான், என்ன, ராத்திரி பகலா மிதிக்கிற சைக்கிள்.

மொத மூணு நாள் நம்ம கூட்டாளி (ஆத்தூர்க்காரன், இங்க மெம்பர்தான், வந்து சண்ட போடுவான்) பக்கெட்ட கட்டிப் புடிச்சுட்டு படுத்துட்டான். வாந்தி. இஞ்சி, எலுமிச்ச, மாத்திரை எதுவும் நிக்கல. அதனால ரெண்டு பேரும் மூணு மணி நேரம் மாத்தி மாத்தி முழிக்கிறதுன்னு போட்ட திட்டம் மொத ராத்திரியே போச்சு.

சாப்பாடு பத்தி கேக்கப் போறீங்க, சொல்லிடறேன். குக்கர்தான் கடல்ல ராஜா. மூடி பூட்டிக்கிறதால படகு எவ்ளோ ஆடினாலும் கொட்டாது, அடுப்பே ஊஞ்சல் மாதிரி ஆடிட்டு சமமா நிக்கும். நடு வங்காள விரிகுடால மூணு விசில் கேட்டா வர்ற சந்தோஷம் தனி. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், ராகி மாவு, அவல், வெல்லம், ஊறுகா. அம்மா ஊர்ல இருந்து கொடுத்து விட்ட தட்டுவடை ஒரு டின். நாலாவது நாள் இவன் எந்திரிச்சு உக்காந்து பசிக்குதுன்னு சொன்னான், கேரட்டும் வெங்காயமும் சீவி, மிளகா சட்னி தடவி தட்டுவடை செட்டு போட்டுக் குடுத்தேன். பீட்ரூட் இல்ல. பீட்ரூட் இல்லாம அது என்னா செட்டுன்னு கேட்டான் பாருங்க, அப்பதான் இவன் பொழச்சுட்டான்னு தெரிஞ்சுது.

ஓமலூர்_மெரைன்:

மர்ச்சன்ட் நேவில செகண்ட் ஆபீசர். படிச்சுட்டு வந்தேன், ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. கூட்டாளி படுத்துட்டாருன்னா அந்த ரெண்டு மூணு நாள் ராத்திரி லுக்கவுட் (சுத்திப் பாத்து காவல்) யாரு? நீங்க தூங்கவே இல்லயா?

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

இந்தக் கேள்வி வரும்னு தெரியும் சார்.

தூங்கினேன். 20 நிமிஷம் அலாரம் வச்சு, வெளியவே உக்காந்த வாக்குல, இடுப்புல கயிறு கட்டிட்டு. அலாரம் அடிச்சா எந்திரிச்சு சுத்தியும் ஒரு தடவ பாக்கறது, திரும்ப 20 நிமிஷம். கணக்கு என்னன்னா பெரிய கப்பலோட மாஸ்ட் லைட்டு (மேல எரியுற வெள்ளை வெளக்கு) 6 மைல்ல இருந்து தெரியணும்னு விதி, கப்பல் 18 நாட்ல வந்தா அந்த 6 மைல கடக்க 20 நிமிஷம். தனியா கடல் தாண்டுறவங்க எல்லாரும் போடுற கணக்குதான்.

மூணாவது ராத்திரி. படக ஓட்டுறது காத்தாடி ஸ்டீரிங், கரண்ட் எதுவும் வேணாம், பின்னாடி ஒரு பலகை காத்துக்கு திரும்பி அதுவே சுக்கானப் புடிச்சுக்கும். அந்த பலகைல இருந்து வர்ற கயிறு ஒரு கப்பில உரசி உரசி நூல் நூலா போயிருக்கு, நான் பாக்கல, சாயங்காலம் பாத்திருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அறுந்துச்சு. படகு தானா திரும்பி பின்காத்து மறுபக்கம் புடிச்சு, பூம் (பாயோட அடில இருக்கற நீளக் கட்டை) ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் பறந்து போய் கட்டி வச்ச கயித்துல நின்னுச்சு. அந்தக் கயிறு கட்டாம இருந்திருந்தா பூம் உடைஞ்சிருக்கும், நடுவுல தல இருந்திருந்தா தலையும். டார்ச்ச வாய்ல கடிச்சுட்டு புதுக் கயிறு கோர்த்துட்டு நிமிந்து பாக்கறேன், ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மேல ரெண்டு வெள்ளை ஒண்ணுக்கு நேரா ஒண்ணு. தெரிஞ்சவங்களுக்கு தெரியும் அதுக்கு என்ன அர்த்தம்னு. கப்பல் நேரா நம்மள பாத்து வருது.

கப்பல் ரேடியோல, விஎச்எஃப் 16ம் சேனல்ல கூப்பிட்டேன். ரெண்டாவது தடவை பதில் வந்துச்சு, ரொம்ப அமைதியான குரல், "இப்பதான் பாத்தேன், வலது பக்கம் திரும்பறேன், நீங்க அப்படியே போங்க"ன்னு. அர மைல்ல தாண்டிப் போச்சு. ஒரு பில்டிங் நகந்து போற மாதிரி. அதோட இன்ஜின் சத்தம் போனதுக்கப்புறமும் கை நடுங்கிட்டே இருந்துச்சு.

ஓமலூர்_மெரைன்:

உண்மைய எழுதினதுக்கு மதிப்பு குடுக்கறேன், ஆனா சொல்ல வேண்டியத சொல்லிடறேன். கப்பலுங்க மோதாம இருக்க வச்சிருக்கற சர்வதேச விதிகள்ல விதி 5ல எல்லா நேரமும் லுக்கவுட்னுதான் இருக்கு, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு இல்ல. உங்க கணக்குலயும் ஓட்டை இருக்கு. நீங்க கண்ண மூடுற நேரம் கப்பல் 6 மைல்லதான் இருக்கணும்னு என்ன கட்டாயம்? கண்டெய்னர் கப்பல் சிலது 18க்கு மேலயும் ஓடும், நீங்களும் அத நோக்கி 5 நாட்ல போனீங்கன்னா 20 நிமிஷம் 15 ஆயிடும். இந்தப் பக்கம் இருந்து பாருங்க, 12 மீட்டருக்கு கீழ இருக்கற படகோட சைட் லைட்டு (பக்கத்துல எரியுற சிவப்பு, பச்சை) 1 மைல்தான் தெரியணும்னு விதி, ஃபைபர் படகு ராடார்ல சரியா விழாது, அலை இருந்தா சுத்தமா மறைஞ்சுடும். பிரிட்ஜ்ல (கப்பல ஓட்டுற அறை) இருந்து முன்னாடி 500 மீட்டர் வரைக்கும் கடல் மேற்பரப்பு மறையலாம்னு ரூல்லயே அனுமதி இருக்கு. பாய்மரத்துக்கு இன்ஜின் கப்பல் வழி விடணும்ங்கறது சரி, ஆனா தெரிஞ்சாதான விட முடியும்?

ஏஐஎஸ் (கப்பலுங்க தன் பேரு, எடம், வேகத்த ரேடியோல அனுப்பிக்கிற கருவி) இருந்துச்சா?

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

ரிசீவர் மட்டும். அவங்க எனக்குத் தெரிவாங்க, நான் அவங்களுக்குத் தெரிய மாட்டேன். அலாரமும் இருந்துச்சு, கயிறு அறுந்த கூத்துல அது கத்தினது காதுல விழல. அனுப்புற செட்டு வாங்காம காச மிச்சம் புடிச்சேன், புது முன்பாய்க்கு செலவு பண்ணேன். தப்புதான். சென்னை வந்ததும் மொத வேலையா ஆர்டர் போட்டேன்.

ஆத்தூர்_வசிஷ்டநதி:

அந்த பக்கெட் ஆள் நான்தான். வணக்கம்.

மாப்ள நல்லா கத சொல்றான், விட்டத நான் சொல்றேன். கப்பல் வந்தப்ப நான் உள்ள படுத்துட்டு இருந்தேன், இவன் ரேடியோல பேசுற குரல் கேட்டு எந்திரிச்சு வெளிய வந்தேன், அந்த நிமிஷம் வாந்தி நின்னுச்சு, திரும்ப வரவே இல்ல. டாக்டருங்க இத மருந்தா எழுதலாம். அடுத்த ராத்திரில இருந்து ரெண்டு பேரும் சரியா மாத்தி மாத்தி முழிச்சோம், மெரைன் அண்ணனுக்கு இத குறிச்சுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இவன் தினமும் ராத்திரி கைய நீட்டி முஷ்டி மடக்கி வடக்க பாத்து நிப்பான். பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்.

மேட்டூர்_பரிசல்:

அது என்னங்க முஷ்டி?

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

துருவ நட்சத்திரம். அது அடிவானத்துல இருந்து எத்தன டிகிரி ஒசரத்துல இருக்கோ ஏறக்குறைய அதுதான் நாம இருக்கற அட்சரேகை. கைய முழுசா நீட்டி முஷ்டி வச்சா சுமார் 10 டிகிரி. அதுக்கு மேல ஒரு விரல் சொச்சம் வச்சா நம்ம ஊர் ஒசரம். ஜிபிஎஸ் ரெண்டு இருந்துச்சு, இதுக்கு தேவையே இல்ல, ஆனா பழைய ஆளுங்க ஒரு பலகையும் முடிச்சு போட்ட கயிறும் வச்சு இப்படித்தான் துறைமுகத்தோட ஒசரத்த புடிச்சுட்டு கிழக்க மேக்க போனாங்க.

எங்க வீடு அஸ்தம்பட்டில, மொட்ட மாடில நின்னா வடக்க சேர்வராயன் மலை. சின்ன வயசுல கரண்டு போனா எல்லாரும் மாடிக்குப் போயிருவோம், அப்பா மலைக்கு மேல அந்த நட்சத்திரத்த காட்டுவாரு. மலை எவ்ளோ ஒசரமோ அதே மாதிரி இன்னொரு மலை மேல வச்சா அங்க இருக்கும். ஏற்காடு ரோட்ல வண்டி லைட்டு வளைஞ்சு வளைஞ்சு ஏறும், அதுக்கு மேல இது அசையாம நிக்கும். கடல்ல அதே நட்சத்திரம் அதே ஒசரத்துல, கீழ மலை மட்டும் இல்ல. ஏழு ராத்திரியும் அந்த எடத்துல மலைய நானே போட்டுப் பாத்துக்குவேன்.

சூரியன் வேற விதமா கணக்கு சொல்லுச்சு. கடிகாரம் எல்லாம் இந்திய நேரம்தான், போர்ட் பிளேர்ல சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிருச்சு, நம்ம ஊருக்கும் அதுக்கும் 58 நிமிஷம் வித்தியாசம். ஒரு டிகிரி மேக்க வந்தா 4 நிமிஷம். நாங்க ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரிக்கு கொஞ்சம் கொறைவா வந்தோம், அதனால தினமும் ஏழு நிமிஷம் லேட்டா இருட்டும். வீட்டு சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்துட்டு இருந்துச்சு.

ஏற்காடு_ஒண்டிக்கடை:

நேத்து ராத்திரி லேடீஸ் சீட்ல இருந்து கீழ சேலம் லைட்டப் பாத்துட்டு திரும்பி வடக்கயும் பாத்தேன். மேகம். இன்னிக்கு திரும்ப பாக்கணும்.

கடலூர்_முதுநகர்:

கரை கிட்ட எப்படி இருந்துச்சு? அதச் சொல்லவே இல்லயே. அங்கதான எங்க வலை இருக்கும்.

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

அண்ணே அதுதான் கஷ்டமான எடம். நடுக்கடல் பயம் எல்லாம் சும்மா.

அஞ்சாவது நாள் வரைக்கும் கோட்டப் புடிச்சுட்டு வந்து அப்புறம் வடமேக்கா சென்னைக்குத் திருப்பினோம். பிப்ரவரில கரையோர நீரோட்டம் வடக்க பாத்து திரும்பிடும்னு படிச்சிருந்தேன், நெஜமாவே தள்ளி விட்டுச்சு. ஆனா சென்னைக்கு 80 மைல் இருக்கும்போது காத்து செத்துச்சு. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி. இன்ஜின் போட்டோம், ரெண்டு மணி நேரம் ஓடி இருமி நின்னுச்சு. பழைய டேங்க் அடில இருந்த சேறெல்லாம் வழில குலுங்கி ஃபில்டர அடைச்சிருக்கு. கெளம்பறதுக்கு முன்னாடி டேங்க கழுவியாச்சுன்னு ஒரு மெக்கானிக் காசு வாங்கினான், கழுவின லட்சணம் அங்க தெரிஞ்சுது. தலகீழா படுத்து ஃபில்டர் மாத்தி காத்து எடுத்து, டீசல் நாத்தத்துல இந்த தடவ நான் பக்கெட்டு, ஆத்தூரான் சிரிக்கிறான்.

ராத்திரி அடிவானத்துல ஆரஞ்சு வெளிச்சம், சென்னை. நடுவுல நூத்துக்கணக்கா மீன்பிடி படகு. சிலதுல பெரிய லைட்டு, சிலதுல ஒரு செல்போன் வெளிச்சம், சிலதுல ஒண்ணுமே இல்ல. ஒரு வல்லத்துக்காரர் டார்ச்ச எங்க மேல அடிச்சு கைய சுத்திச் சுத்தி காட்டினாரு, வலை அந்தப் பக்கம் போகுது தெக்க சுத்திப் போன்னு. கிட்ட வந்து எங்க இருந்து வர்றீங்கன்னு கேட்டாரு. அந்தமான்னு சொன்னோம். எந்த ஊருன்னு கேட்டாரு. சேலம்னதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல, அப்புறம் "சேலத்துல ஏதுய்யா கடலு"ன்னாரு.

ரெண்டு பேரும் அந்த ராத்திரி கண்ண மூடவே இல்ல. காலைல ஹார்பர் வாசல்.

அம்மாபேட்டை_தறி:

😂😂 சரியான கேள்வி. அப்புறம் ஊருக்கு எப்ப வந்தீங்க, அம்மா என்ன சொன்னாங்க?

அஸ்தம்பட்டி_பாய்மரம்:

பேப்பர் முடிஞ்சு நாலாம் நாள் ராத்திரி ட்ரெயின். பெர்த்துல படுத்தா ரயில் ஆட்டத்துக்கு படகு ஆட்டம்னு நெனச்சு ஒடம்பு தானா ஒரு பக்கம் சாயுது, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு ஜன்னல்ல பாக்கறேன், எதுத்த பெர்த் பெரியவர் சேலம் இன்னும் வரல தம்பி படுங்கன்னு அஞ்சு தடவ சொன்னாரு.

அம்மா ஒண்ணும் சொல்லல. ஆத்தூரான் வீட்டுக்கு வந்து பூம் பறந்த கதைய நடிச்சுக் காட்டிட்டான். அன்னில இருந்து என்கூட பேச்சு கம்மி, சோறு மட்டும் போடுறாங்க.

ஆத்தூர்_வசிஷ்டநதி:

எனக்கு பீட்ரூட் போட்டு தட்டுவடை செட்டு குடுத்தாங்க. கேட்டு வாங்கினேன்.

ஓமலூர்_மெரைன்:

ஏஐஎஸ் செட்டு வந்ததும் இங்க போடுங்க, ஆன்டெனா எங்க வைக்கணும்னு சொல்றேன். மாஸ்ட் உச்சில வைங்க, பின்னாடி கம்பில வச்சு பாதி ரேஞ்ச வீணாக்காதீங்க. லீவுல அடுத்த மாசம் ஓமலூர்லதான் இருப்பேன்.